பகையறிந்து உருக்கொள்ளும் சிற்றுயிர்கள்

திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையில் ஐப்பசி மழை வலுத்துக் குண்டாற்றில் தண்ணீர் வந்து கண்மாய்கள் மறுகால் பாயும் ஆண்டும் உண்டு. ஊருணியில் கணுக்காலளவு தேங்கித் தை பிறக்குமுன் வற்றிப்போகும் ஆண்டும் உண்டு. வறண்டு கிடந்த பள்ளத்தில் நீர் வந்த புதிதில் மீன் அரிது. தட்டானின் குடம்பிகள் பின்னரே தோன்றும். கெளுத்தியும் கெண்டையும் வாய்க்கால் வழியே வந்து சேர்வதோ மழையின் கையில் இருக்கிறது. எந்தப் பகைவன் எப்போது வருவான் என்று நிச்சயமில்லாத இத்தகைய நீர்நிலைகளில், பகைவனின் வாடை நீரில் கரைந்து வந்தால் மட்டும் முள்ளோ கவசமோ தரிக்கும் சக்தியை இயற்கைத் தேர்வு எவ்வாறு வளர்த்தது என்பதை ஆராயும் சாஸ்திர மரபு, ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

அதன் ஆதி ஆசாரியர்கள் பகைவனை நினைக்கவேயில்லை. கோடையில் வெதும்பிய நீர் இளகி நுண்ணுயிர்களைத் தாங்கும் வலிமை குன்றுவதால், அமிழ்ந்துபோகாதிருக்கவே அவை முள்ளும் மகுடமும் வளர்க்கின்றன என்று ஜெர்மனியில் ஓஸ்வால்டும் டென்மார்க்கில் வேசன்பெர்க்-லுண்டும் கருதினர். 1909-இல் வோல்டெரெக், ஒரே தாய்வழியில் வந்த டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளுக்கு ஆகாரத்தைக் கூட்டியும் குறைத்தும் வளர்த்து, அவற்றின் தலைமகுடம் அதற்கேற்ப மாறுவதைக் காட்டினார். பரம்பரையாக வருவது ஓர் உருவமன்று, இன்ன சூழலில் இன்ன உரு என்னும் விதியே என்ற அவருடைய சித்தாந்தத்தையே நான் இம்மரபின் ஆணிவேராகக் கொள்கிறேன். தேர்வு தீண்டுவது முள்ளை மட்டுமன்று, அவ்விதியையுமே.

பகைவனை அரங்கேற்றியவர் 1952-இல் பிரெஞ்சு அறிஞர் போஷாம்ப். அதை விரித்து நிலைநாட்டியவர் 1966-இல் அமெரிக்கரான கில்பர்ட். நம் குளங்களிலும் வாழும் பிராக்கியோனஸ் என்னும் சக்கரப்பிராணியை, அதனை விழுங்கும் ஆஸ்பிளாங்னா வாழ்ந்திருந்த நீரில், அப்பகைவனை வடித்து நீக்கிய பின்னர், விட்டால், தாய் மாறுவதில்லை. அதன் மக்களே பின்பக்கம் நீண்ட இரு முட்களோடு பிறக்கின்றன. பகைவன் தீண்டியதும் குஞ்சு தன் தலைச்சக்கரத்தை உள்ளிழுக்க, உடலினுள் அழுத்தம் ஏறி முட்கள் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். விழுங்க வந்த வாய் விட்டுவிட வேண்டியதுதான். தாய் பெற்ற செய்தியைச் சந்ததி அணிந்துகொண்டு வரும் இவ்வதிசயத்தை எத்தனை முறை எண்ணினாலும் என் வியப்பு அடங்குவதில்லை.

1981-இல் குரூகரும் டாட்சனும், நீர்த்தெள்ளை உண்ணும் கேயோபோரஸ் என்னும் கொசுபோன்ற பூச்சியினுடைய குடம்பியின் வாடைக்கு இளம் டாஃப்னியாவின் பிடரியில் சிறு பற்கள் முளைப்பதைக் காட்டிய பின்னர், இத்துறையின் பிரமாணங்கள் உறுதிப்பட்டன. வாடை பகைவனுடையதே என்று நிறுவவேண்டும். கவசம் உயிரைக் காக்கிறதென்றும், அதற்கு விலை உண்டென்றும் காட்டவேண்டும். விலை இல்லையேல் எப்போதும் அணிந்திருப்பதே லாபமன்றோ! இவ்விலையைக் காட்டுவதுதான் கடினம். பல சோதனைகளில் அது பிடிபடவில்லை. நடத்தையிலோ அது கண்கூடு: தார்வாடில் கர்நாடகப் பல்கலைக்கழகத்துச் சைதாபூரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்த தேரையின் தலைப்பிரட்டைகள், ஊனுண்ணும் பெருந்தவளைப் பிரட்டையின் வாடை பட்டதும் அசைவைக் குறைத்துக்கொள்கின்றன, அசையாத பிரட்டைக்கு இரையும் குறையும்.

தலைமுறைதோறும் விதி மாறுவதற்குச் சான்று தந்தது பெல்ஜியத்துக் குளத்துச் சேறு. மீன் அதிகம் விடப்பட்ட காலத்துப் படிவிலும், அதற்கு முன்பின் படிவுகளிலும் உறங்கிய டாஃப்னியா முட்டைகளைப் பொரிக்கவைத்து, மீன்வாடைக்கு அவை ஒளியை விட்டு விலகும் அளவு காலத்துக்கேற்ப வேறுபட்டதை 2001-இல் டி மீஸ்டர் குழுவினர் வெளியிட்டனர். நம் கண்மாய் வண்டல் கோடையில் வெடித்து, மாடு மிதித்து, வயலுக்கு அள்ளப்பட்டும் போவதால் அவ்வாறு அடுக்கடுக்காக வாசிக்க இயலாது. ஆயினும் ஆண்டுதோறும் மீன் தங்கும் பெருங்கண்மாயிலிருந்து ஒரு பிடியும், மீனே எட்டாத சிறு பள்ளத்திலிருந்து ஒரு பிடியும் உலர்ந்த மண் எடுத்துத் தனித்தனிப் பாத்திரங்களில் நனைத்து, பொரித்து வருவனவற்றைச் சில தலைமுறை ஒரே நிலையில் வளர்த்து, பின்னர் இரண்டிலும் ஒரே மீன்வாடை நீரை ஊற்றிப் பார்க்கலாம். எவ்வுயிர்கள் விரைந்து ஆழத்தை நாடுகின்றன என்பதை இச்சீமையின் கல்லூரி மாணவரே கண்டு எழுதலாம்.