சாவி கேட்காத பென்டிரைவ்

ஆறு வாரமாக என் சட்டைப் பையில் ஒரு 16 ஜிபி பென்டிரைவ் இருக்கிறது. உள்ளே உபுண்டு 24.04. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை பட்டறையாகப் போய் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. லேத், மோல்டிங், ஷீட் மெட்டல் என்று எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஆபீஸ் ரூம் இருக்கும். அதில் ஒரே ஒரு சிஸ்டம். டாலி கணக்கு, டிராயிங், கொட்டேஷன் எல்லாம் அதற்குள்தான். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். அப்டேட் ஓடும்போது போய்விட்டால், அடுத்த முறை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்போது பலரும் சொல்கிற முதல் வார்த்தை, "ஃபார்மட் அடிச்சிடலாம்." இந்த வார்த்தை மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. விண்டோஸ் எழவில்லை என்றால் ஃபைல் அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. வாசல் கதவு இறுகிக்கொண்டது, அவ்வளவுதான். உள்ளே பீரோ அப்படியே இருக்கிறது. அதை எடுக்கும் முன்னே வீட்டை இடிக்கச் சொல்வது என்ன நியாயம்?

பென்டிரைவ் செய்யும் வேலை எளியது. கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கை விட்டுவிட்டு இதிலிருந்து எழுகிறது. 'இன்ஸ்டால்' வேண்டாம், 'டிரை உபுண்டு' என்று கொடுத்தால் போதும். எல்லாம் ராமில் ஓடும், டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. எரிச்சல் ஒன்றுதான்: பூட் மெனு எந்த பட்டனில் வரும் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. ஒன்றில் எஃப்12, இன்னொன்றில் எஃப்9, வேறொன்றில் எஸ்கேப். லோகோ வந்து மறையும் இரண்டு நொடிக்குள் அழுத்த வேண்டும். மூன்று முறை தவறி, மறுபடி மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்வது ஏற்கெனவே நொந்துபோன டிஸ்க்குக்கு நல்லதல்ல. இத்தனை வருடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு பட்டனை முடிவு செய்திருக்கலாம்.

போன மாதம் 18-ஆம் தேதி ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் இருந்து போன். 20-க்குள் ஜிஎஸ்டி 3பி போட வேண்டும், சிஸ்டம் எழவில்லை. கணக்கு பார்க்கும் அக்கா கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். பென்டிரைவைச் சொருகினேன். டிஸ்க் திறக்க மறுத்தது. கரண்ட் பாதியில் போன டிஸ்க்கை உபுண்டு சிலசமயம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 'படிக்க மட்டும்' என்று டெர்மினலில் சொல்லித் திறந்தேன். யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா. அதற்குள் 100000 என்ற நம்பரில் ஒரு ஃபோல்டர். அந்த நம்பர்தான் கம்பெனி. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுத்துவிட்டு, பக்கத்து ஷெட்டின் லேப்டாப்பில் டாலியைத் திறந்தோம். முந்தின நாள் சாயங்காலம் அக்கா போட்ட கடைசி வவுச்சர்வரை இருந்தது.

சுற்றி நின்றவர்களில் சிஎன்சி ஆபரேட்டர் தம்பிக்குத் திரை புதிதாகத் தெரியவில்லை. பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததாம், சென்னை சி-டாக் உருவாக்கியது. அவன்தான் கேட்டான்: "அண்ணே, பாஸ்வேர்டே கேக்கலையே?"

அந்தக் கேள்வியோடுதான் மீதி வாரங்களைக் கழித்தேன். அவன் கேட்டது சரி. விண்டோஸில் நுழையும்போது போடும் பாஸ்வேர்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன். பென்டிரைவ் கொல்லைப்புறமாகப் போகிறது. எனக்குத் திறக்கிற டிஸ்க், லேப்டாப்பைத் திருடியவனுக்கும் திறக்கும். அதற்கான பதில்தான் பிட்லாக்கர்: டிஸ்க்கையே பூட்டிவிடுவது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-இலிருந்து, புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தால் பெரும்பாலும் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. பூட்டு நல்லது, நான் ஆதரிக்கிறேன். விழுந்தது வாங்கியவருக்குத் தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான்காவது வாரம், ஒரு டை மேக்கர். எட்டு மாத டிராயிங் உள்ள லேப்டாப் எழவில்லை. பென்டிரைவில் டிஸ்க்கைத் தொட்டதும் ஒரு சின்னப் பெட்டி வந்து சாவி கேட்டது. 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. சாவி இருந்தால் உபுண்டுவிலேயே போட்டுத் திறந்துவிடலாம், அந்த வசதி அருமையாக வேலை செய்கிறது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு? "வாங்கும்போது கடைப் பையன் ஏதோ மெயில் ஐடி போட்டுக் கொடுத்தான் சார்." அந்தப் பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை. பில்லைத் தேடினோம், பழைய மெசேஜ் எல்லாம் பார்த்தோம். கிடைக்கவில்லை. பிரின்ட் எடுத்த தாள்களை வைத்து அவர் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார். லேப்டாப்பை ஃபார்மட் செய்ய மனம் வராமல் பையோடு அலமாரியில் வைத்திருக்கிறார்.

இது ஒரு பட்டறையின் கதை மட்டும் அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மெஷின்களை எழுப்பப் போன ஐடி ஆட்கள் பலர் தடுமாறி நின்றதும் இதே 48 இலக்கத்தின் முன்னால்தான்.

இன்னொரு எச்சரிக்கை: டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் பென்டிரைவையும் சொருகாதீர்கள். உடனே ஆஃப் செய்து, டேட்டா ரெகவரி மட்டுமே செய்கிறவர்களிடம் கொடுங்கள். மற்றபடி, எழாத பத்து சிஸ்டத்தில் ஏழுக்கு இந்த ஆறு வாரத்தில் இது போதுமானதாக இருந்தது. காசு பென்டிரைவுக்கு மட்டும்தான், உபுண்டு இலவசம். ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

ஆனால் பென்டிரைவ் வாங்கும் முன்னே ஒரு வேலை. லேப்டாப் நன்றாக ஓடும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் தளத்தில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய் ரெகவரி கீயைப் பாருங்கள். அந்த 48 இலக்கத்தையும் மெயில் ஐடியையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி, நோட்டை லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். பத்து நிமிடம் ஆகும். இன்றைக்கே செய்துவிடுங்கள்.