பிணைப்பும் பதிவும்: சமூக வலையமைப்பு ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

'சமூக வலையமைப்பு' என்னும் தொடர் இன்று முகநூல் முதலிய இணையத்தளங்களைக் குறிக்கும் பெயராகவே பொதுவழக்கில் நிலைபெற்றுவிட்டது. ஆயின் ஆய்வுலகில் இத்தொடர் அத்தளங்களினும் மிகப் பழையது. மனிதர் ஒருவரோடொருவர் கொண்டுள்ள தொடர்புகளை முடிச்சுக்களும் இழைகளும் கொண்ட வலையாகக் கண்டு, அவ்வலையின் அமைப்பிலிருந்து அவர்தம் நடத்தையை விளக்க முற்படும் ஆய்வுமுறை, இணையம் பொதுமக்கள் கைக்கு வருமுன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கால வளர்ச்சியைக் கண்டிருந்தது. இணையத்துக்கு முந்திய ஆய்வுகளும் பிந்திய ஆய்வுகளும் ஒரே கலைச்சொற்களைக் கையாளுகின்றன. பிந்தியவை முந்தியவற்றைத் தம் முன்னோடிகளாக மேற்கோள் காட்டுகின்றன. ஆயினும் அவை ஒரே பொருளைத்தான் பேசுகின்றனவா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும். இதற்கு விடை காண வேண்டுமாயின், ஒவ்வோர் ஆய்வும் 'பிணைப்பு' என்று எதனைக் கொண்டது என நோக்குதல் வேண்டும்.

ஜே. ஏ. பார்ன்ஸ் என்னும் மானிடவியலாளர், நோர்வேயிலுள்ள பிறெம்னெஸ் என்னும் தீவுப் பங்கு பற்றி 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இத்தொடரை ஓர் ஆய்வுக் கருவியாக்கிற்று எனலாம். அம்மக்களின் வாழ்வில் அவர் மூன்று களங்களைப் பிரித்துக் கண்டார். ஊராட்சி சார்ந்த நிலக்களம் ஒன்று. மீன்பிடித் தொழில் சார்ந்த களம் மற்றொன்று. உறவுமுறை, நட்பு, அறிமுகம் ஆகியவற்றாலாகிய, எல்லை வகுக்க இயலாத களம் மூன்றாவது. இம்மூன்றாவதையே அவர் வலையமைப்பு என்றார். 1957இல் எலிசபெத் பொட் இலண்டனில் இருபது குடும்பங்களை நுணுகி ஆராய்ந்து, கணவன் மனைவியரின் உற்றார் தமக்குள்ளும் நெருங்கிப் பழகுவோராக இருப்பின், அத்தம்பதியர் வீட்டுக் கடமைகளைத் தனித்தனியே வகுத்துக்கொள்ளும் போக்கு மிகுதி என்று காட்டினார். இவ்விருவரது ஆய்வுகளிலும் பிணைப்பு என்பது ஆய்வாளர் நேரிற் கண்டும் கேட்டும் பொருளுணர்ந்த ஒன்றாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இத்துறையில் மிகுதியும் மேற்கோளாட்சி பெற்ற கட்டுரை மார்க் கிறனோவெற்றர் 1973இல் வெளியிட்டதாகும். பிணைப்பின் வலிமையை அவர் நான்கு கூறுகளின் சேர்க்கையாக வரையறுத்தார்: செலவிடும் நேரம், உணர்ச்சிச் செறிவு, மனம்விட்டுப் பேசும் நெருக்கம், ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி. அமெரிக்காவின் நியூற்றன் நகரில் அறிந்தோர் வாயிலாகப் புதிய வேலை பெற்ற 54 பேரை அவர் வினவியபோது, தமக்குத் தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பதாகக் கூறியோர் 16.7 சதவீதத்தினரே, இடையிடையே சந்திப்போர் 55.6 சதவீதத்தினர், அரிதாகச் சந்திப்போர் 27.8 சதவீதத்தினர். நெருங்கியோர் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர்; அகன்று நிற்போரே புதிய செய்தியைக் கொணர்வர் என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் ஆழமானது. ஆயின் நான்கு கூறுகளாக வரையறுக்கப்பட்ட வலிமை, இங்கு அளக்கப்படும்போது சந்திப்பின் எண்ணிக்கை என்னும் ஒரே கூறாகச் சுருங்கியமையையும் நாம் காண்கிறோம். வரையறைக்கும் அளவைக்கும் இடையிலான இவ்விடைவெளி இத்துறையோடு உடன்பிறந்தது. இணையம் புதிதாகத் தோற்றுவித்ததன்று.

பழைய ஆய்வுகளைக் குறையற்றவையாகப் போற்றுதல் எமது நோக்கமன்று. அவை பெரும்பாலும் வினாக்கொத்தையும் விடையளிப்போர் நினைவையும் நம்பியிருந்தன. யாருடன் எத்துணை பேசினீர்கள் என்னும் வினாவுக்கு மக்கள் தரும் விடை, உண்மையில் நிகழ்ந்த உரையாடல்களோடு பெரிதும் முரண்படுவதை 1970களின் பிற்பகுதியிலிருந்து பேணார்ட், கில்வேர்த், செயிலர் ஆகியோர் தொடர்ந்து எடுத்துக்காட்டினர். எனவே, மனிதர் நினைவை நாடாது தொடர்பைத் தானே பதிவுசெய்யும் கணினி வந்தபோது ஆய்வாளர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. பதிவு பொய் சொல்லாது என்பது அவர்தம் நம்பிக்கை. பதிவு பொய் சொல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் தான் எதைப் பற்றிய பதிவு என்பதையும் அது சொல்வதில்லை.

இணையம் பற்றிய தொடக்க ஆய்வுகள் இப்பின்னணியில் கருதத்தக்கவை. றொபேட் கிறௌட்டும் அவர்தம் குழுவினரும் பிற்ஸ்பேர்க் நகரில் 73 வீடுகளைச் சேர்ந்த 169 பேரை ஆராய்ந்து, இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியோரிடம் குடும்ப உரையாடல் குறைந்ததென்றும் தனிமையும் மனச்சோர்வும் கூடினவென்றும் 1998இல் எழுதினர். இம்முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அதே குழுவினர் அதே மக்களை மேலும் தொடர்ந்து ஆராய்ந்து, அத்தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று 2002இல் அறிவித்தமை அவ்வளவு கவனம் பெறவில்லை. ரொறன்ரோ நகரின் புறத்தே, ஆய்வாளர் நெட்வில் எனப் புனைபெயரிட்ட புதுக் குடியிருப்பில் 1990களின் இறுதியில் கீத் ஹம்ரனும் பரி வெல்மனும் நடத்திய ஆய்வோ வேறொரு காட்சியைத் தந்தது. அதிவேக இணைப்புப் பெற்ற வீட்டார், அது பெறாத வீட்டாரிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு அயலவரை அறிந்திருந்தனர். கட்டட நிறுவனத்தின் குறைபாடுகளுக்கெதிராக அவர்கள் ஒன்றுதிரண்டதற்கும் அவ்விணைப்பே துணைநின்றது. இணைய உறவு, நேர் உறவு என்ற இருபாற் பகுப்பே பொருந்தாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது. வேலிக்கு மேலாகப் பேசுவோரே மின்னஞ்சலிலும் பேசினர்.

நெட்வில் ஆய்வாளருள் ஒருவர் அக்குடியிருப்பிலேயே வாழ்ந்து ஆராய்ந்தவர். அதன் பின்னர் வந்த பேராய்வுகளில் ஆய்வாளர் எவரும் எவருடனும் வாழ வேண்டிய தேவை இருக்கவில்லை. இம்மாற்றத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். ஸ்ரான்லி மில்கிறாமும் ஜெப்றி றவேர்ஸும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், நெபிறாஸ்காவிலும் பொஸ்ரனிலும் இருந்த 296 பேரிடம் ஓர் ஆவணம் தரப்பட்டது. பொஸ்ரனிற் பணிபுரிந்த ஒரு பங்குத் தரகருக்கு அதனைத் தமக்கு நேரே பழக்கமானவர் வழியாகக் கைமாற்றி அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. சென்று சேர்ந்தவை 64. அவற்றின் இடையாளர் சராசரி 5.2. முகநூலின் 72 கோடியே 10 இலட்சம் பயனர்களையும் அவர்களுக்கிடையிலான ஏறத்தாழ 6,900 கோடி இணைப்புகளையும் கணக்கிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு, இருவருக்கிடையிலான சராசரித் தூரம் 4.74 எனக் கண்டது. இடையாளர் எனக் கொண்டால் அது 3.74 ஆகும். உலகம் மேலும் சுருங்கிவிட்டது என்பதே இதற்குப் பரவலாகத் தரப்பட்ட விளக்கம்.

அவ்விளக்கத்தை ஏற்பதற்கில்லை. முன்னையதில் ஒவ்வொருவரும் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து, அவரைச் செயற்படத் தூண்டவேண்டியிருந்தது. அதனாலன்றோ பெரும்பாலான ஆவணங்கள் இடைவழியில் நின்றுபோயின. பின்னையதில் எவரும் எதனையும் அனுப்பவில்லை. இருக்கும் இழைகளுள் மிகக் குறுகிய வழியைக் கணினி எண்ணிச் சொல்லிற்று. ஒன்று மனிதர் நடந்து கண்ட வழி. மற்றொன்று வரைபடத்தில் உள்ள வழி. இரண்டையும் ஒரே கோலால் அளந்து ஒப்பிடுதல் ஆய்வு நெறியாகாது.

பதிவின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுவது 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு. தொழில்சார் தொடர்புத் தளமாகிய லிங்க்ட்இன்னில் ஐந்தாண்டுகளாக இரண்டு கோடிக்கு மேற்பட்ட பயனர்களுக்குக் காட்டப்பட்ட அறிமுகப் பரிந்துரைகளை மாற்றி மாற்றி அமைத்து, கிறனோவெற்றரின் கொள்கை அதில் சோதிக்கப்பட்டது. 54 பேரின் கூற்றுக்களால் நிறுவ இயலாத காரணகாரியத் தொடர்பை அது நிறுவ முயன்றமை பாராட்டுக்குரியது. ஆயின் அதன் முடிவுகளை நுணுகி நோக்குக. பொதுவான அறிமுகங்களின் எண்ணிக்கையால் வலிமையை அளந்தபோது, மிகத் தளர்ந்தவையன்றி ஓரளவு தளர்ந்த பிணைப்புகளே வேலைமாற்றத்துக்கு மிகவும் உதவின. செய்திப் பரிமாற்றத்தின் அளவால் அளந்தபோதோ மிகத் தளர்ந்தவையே மிகுதியும் உதவின. அளவுகோல் மாற விடையும் மாறுகின்றது. கோடிக்கணக்கான தரவுகளாலும் பிணைப்பு என்றால் என்ன என்னும் வினாவைத் தவிர்க்க இயலவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, அறம் பற்றிய வினாவும் ஒன்றுண்டு. 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 முகநூற் பயனர்களுக்குக் காட்டப்பட்ட செய்திகளில் மகிழ்ச்சியானவையோ துயரமானவையோ குறைக்கப்பட்டு, அவர்தம் எழுத்தில் ஏற்பட்ட மாற்றம் அளக்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவு காட்டிய விளைவு மிகச் சிறிது. எழுந்த கண்டனம் பெரிது. பயனர் தளத்தின் பொது விதிகளுக்கு இணங்கியிருந்தமையே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. வெளியிட்ட ஆய்விதழே பின்னர் இது குறித்துத் தன் கவலையைப் பதிவு செய்தது. பொட் ஆராய்ந்த இருபது குடும்பங்களும் தாம் ஆராயப்படுவதை அறிந்திருந்தன. இவ்வாறு இலட்சங்கள் அறியவில்லை.

தரவின் உடைமையும் இதனோடு தொடர்புடையதே. 8 கோடியே 70 இலட்சம் வரையான முகநூற் பயனர்களின் தரவுகள் கேம்பிறிட்ஜ் அனலிற்றிக்கா நிறுவனத்தைச் சென்றடைந்திருக்கக்கூடும் என்பது 2018இல் வெளிப்பட்ட பின், புறத்தார்க்குத் தரவு வழங்குவது இறுக்கப்பட்டது. 2023இல் டுவிற்றர் தன் தரவுகளுக்கான இலவச வழியை மூடியது. முகநூல் நிறுவனம் தன் கிறவுட்ராங்கிள் என்னும் கருவியை 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், தகுதி பெற்ற ஆய்வாளர்க்குப் பெருந்தளங்கள் தரவு வழங்கவேண்டும் எனக் கூறுவது நல்ல தொடக்கமே. எனினும் தன் மூலப்பொருளைப் பிறர் கதவடைக்கும்போது இழந்துவிடும் ஓர் அறிவுத்துறை தற்சார்புடையதெனல் கடினம்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்து ஒன்று கூறுதல் பொருந்தும். திருக்குறளின் பொருட்பாலில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இதனைக் கொண்டு வள்ளுவர் வலையமைப்பு ஆய்வின் தந்தை என்று பெருமை பேசுவது நகைப்புக்கிடமாகும். அவர் செய்தது அறவுரை, அளவையியலன்று. ஆயின் பிணைப்பு ஒரேதன்மைத்தன்று, அதன் உள்ளீட்டை ஆராய்ந்தே அறியவேண்டும் என்னும் உணர்வு எமது மரபில் வேரூன்றியது என்பதற்கு அவ்வதிகார வரிசை சான்று. உறவு, கேண்மை, பழக்கம், அறிமுகம் என வேறுபடுத்தும் மொழியை உடைய நாம், இவை அனைத்தையும் 'நண்பர்' என்னும் ஒரு பொத்தானுள் அடக்கிய தளத்தின் சொல்லை அப்படியே எமது ஆய்வுச் சொல்லாக ஏற்கவேண்டியதில்லை.

எமது பல்கலைக்கழக ஆய்வாளர்க்குக் கோடிக்கணக்கான பதிவுகள் கிட்டப்போவதில்லை. அது குறித்து ஏங்கவேண்டியதுமில்லை. ஒரு கிராமத்தில், ஒரு மீன்பிடிச் சங்கத்தில், ஒரு மாணவர் விடுதியில் யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார், யார் யாரிடம் துயரைச் சொல்கிறார், அதே இருவர் கைத்தொலைபேசியில் என்ன பேசுகின்றனர் என்பவற்றை, அவர்தம் ஒப்புதலோடு அருகிருந்து ஆராயும் சிற்றாய்வுகள் எமக்கு இயல்வனவே. பதிவு எண்ணிக்கையைத் தரும். அவ்வெண்ணிக்கை எதன் எண்ணிக்கை என்பதைக் களமே தரும். இவ்விரண்டாவது பணி நிகழாதவரை, முதலாவது எத்துணைப் பெரிதாயினும் அரைகுறையே.