எட்டுக்கு வெளியே எண்ணூர்ச் சாலை

எண்ணூர் விரைவுச் சாலையில் புதிதாக வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் போவது பெரும்பாலும் நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்தான். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் சரக்கும், மணலி ஆலைகளின் டேங்கர்களும், காசிமேட்டு மீன் வண்டிகளும் ஓடும் பகுதி இது. ஆனால், இங்கே ஓட்டுவதற்கு ஒருவருக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிக்கும் தேர்வு, லாரியே நுழையாத தளத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பைக் என்றால் எட்டு போட வேண்டும். கார் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, பெரும்பாலும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்ட வேண்டும்.

எட்டு போடுவதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. முதல் கியரில், பாதி கிளட்ச் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு, கால் தரையில் படாமல் இரண்டு வளைவையும் சுற்றி வர வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் வண்டி சாயும்; அடுத்த வளைவைப் பார்த்தால் நிமிரும். 1950களிலேயே புல்லட் பைக் தயாரித்த திருவொற்றியூர்க்காரர்களுக்கு, கனமான பைக்கை மெதுவாக ஓட்டுவதுதான் கடினம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையை ஒட்டி ஆமை வேகத்தில் ஊர்ந்து போகும்போது கைகொடுப்பது இந்தத் திறமைதான்.

குறை இருப்பது எட்டு கேட்காமல் விடும் கேள்விகளில். டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்வாங்கி, ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும். வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, கேபினின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டர் தெரியாது. திரும்புவதற்கு முன் டிரெய்லர் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்து, “இடம் கிடைத்தது” என்று இடதுபுறம் புகுகிறவர் நேரே அந்தச் சக்கரத்தை நோக்கித்தான் போகிறார். எட்டைப் பிசகில்லாமல் போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். தெரியுமா என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. 2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர்.

சட்டத்தின் மேல் பழி போட முடியாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி கேட்பது நிறைய: சிக்னல் கொடுக்கும் முன் கண்ணாடி பார்ப்பது, முந்துவதும் முந்த விடுவதும், இட வலத் திருப்பங்கள், அவசரத்தில் நிறுத்துவது, நடந்து போகிறவர்களிடம் கவனம். ஒருவரிடம் இவ்வளவையும் பார்க்க நல்ல நேரம் வேண்டும். அன்றைக்கு வரிசையில் நிற்கும் எல்லோரையும் மதியத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால், இத்தனை திறமைகளும் எட்டுக்குள் சுருங்கிவிடும்.

இங்கேதான் தேர்வுக்குத் தேதி குறிக்கும் முறையையும் எடைபோட வேண்டியிருக்கிறது. பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். சாரதி இணையதளத்தில் எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்து ஸ்லாட் எடுக்கலாம். அலுவலக வாசலில் ஆள் பிடித்துத் தேதி வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால், இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் 30 நாள் என்பது காத்திருப்புக் கணக்கு மட்டுமே. அந்த நாட்களில் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று சொந்த வண்டிக்கு லைசென்ஸ் கேட்பவரிடம் யாரும் விசாரிப்பதில்லை. டிரைவிங் ஸ்கூல் சான்றான படிவம் 5 போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் கட்டாயம். அதனால் பலர் முதலில் தேதியைப் பிடித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி பயிற்சியைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கடைசி வாரத்தில் எட்டு மட்டும் பழகுவார்கள். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஷிப்ட் தொழிலாளிக்கும், விடியலில் கரை திரும்பும் காசிமேட்டு மீனவருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. அலுவலக நேரத்தில் மட்டும் நடக்கும் தேர்வு, கூலிக்காரர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிறது என்றே சொல்ல வேண்டும்.

கேரளம் இந்தத் தேர்வு முறையில் கைவைத்துப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை ஒரு நாளைக்கு 30 தேர்வு என்று வரம்பு வைத்தது. வளைந்து ஓட்டுவது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, சாய்கோணத்தில் பார்க்கிங் செய்வது எல்லாவற்றையும் சேர்த்தது. மே மாதம் டிரைவிங் ஸ்கூல்கள் போராட்டத்தில் இறங்கின. வரம்பு 40 ஆனது. தேர்வு ஆழமானால் காத்திருப்பு நீளும் என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு கூடுதல் ஆய்வாளர்கள். தேர்வைச் சுருக்குவது தீர்வாகாது.

மத்திய அரசு 2021இல் வேறு வழி திறந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம் படித்துத் தேறினால், ஆர்.டி.ஓ. தேர்வு தேவையில்லை. 29 மணியில் 21 மணி செய்முறை என்பது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சொல்லிக்கொடுத்தவரே தேர்ச்சியும் தருவது ஆபத்து. கட்டணம் கட்டிய மாணவரைத் தோற்கடிக்கும் துணிவு எத்தனை மையங்களுக்கு இருக்கும்? இடமும் சிக்கல்தான். இலகுரக வாகனத்துக்கு ஒரு ஏக்கர், கனரகத்துக்கு இரண்டு ஏக்கர் வேண்டும். கன்டெய்னர் யார்டுகள் நிறைந்த வட சென்னையில் யார் அவ்வளவு நிலம் விடுவார்கள்?

நிலம் இல்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. டிரைவிங் ஸ்கூல்கள் மாணவர் ஓட்டிய மணி நேரத்தைக் குறிக்க விதிகளில் ஏற்கெனவே படிவம் 15 இருக்கிறது. குறைந்தபட்ச நேரம் அதில் பதிவானால்தான் ஸ்லாட் திறக்கும் என்று மாற்றலாம். வீட்டில் பழகுகிறவர்களுக்கும் அதேபோல் ஒரு பதிவேடு தரலாம். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. அதன் துணையோடு, பைக் லைசென்ஸுக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிற்கிற டிரெய்லரின் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்து, இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தி, “தெரிகிறதா?” என்று கேட்கலாம். இதற்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். எட்டு போடும் தளத்தின் ஓரத்திலேயே ஒரு டிரெய்லரை நிறுத்திக்கொள்ளலாம்.