திருவோடும் ஊறுகாய் ஜாடியும்: சேகரிப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

பழைய பீங்கான் ஜாடிக்கு இப்போது மவுசு. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை, குட்டைக் கழுத்து, மேலே ஒரு மூடி என்று பரணில் கிடந்த ஊறுகாய் ஜாடியைத்தான் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அது மரத்தூண்களோடும் எனாமல் பாத்திரங்களோடும் விலைக்கு நிற்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் நண்பர்கள் சிலரே, கவிதை எழுதுகிறவர்கள், கூட்டங்களுக்கு வருகிறவர்கள், இதைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். கேட்டால், பிளாஸ்டிக்குக்கு எதிராக, கம்பெனி ஊறுகாய்க்கு எதிராக, நம் 'மரபை' மீட்கிறோம் என்கிறார்கள். இந்த 'நம்' யார் என்பதுதான் என் கேள்வி.

சேகரிப்பு பற்றிய மிகக் கூர்மையான தமிழ்க் கதை சிதம்பரத்தில்தான் நடக்கிறது. பெரியபுராணத்துத் திருநீலகண்டர் தில்லைக் குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். சிவயோகியாக வரும் இறைவன் ஓர் ஓட்டை அவரிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கொடுக்கும்போதே அதன் பெருமையைச் சொல்கிறார்: அதற்கு நிகர் கிடையாது, தன்னிடம் வந்ததையெல்லாம் தூய்மையாக்கும், பொன்னையும் மணியையும்விடப் போற்றிக் காக்க வேண்டும். பிறகு அவரே அதை மறையச் செய்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறார். வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார் குயவர். பொன்னால் செய்து தந்தாலும் வேண்டாம், அதே ஓடுதான் வேண்டும் என்கிறது எதிர்த்தரப்பு. வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குப் போகிறது. குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று அவை சொல்வது குயவரிடம்தான்.

இதை நாம் பக்தியாகவும் இல்லற அறமாகவுமே வாசித்துப் பழகிவிட்டோம். இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான வழக்காகவும் வாசிக்கலாம். குயவரைப் பொறுத்தவரை ஓடு என்பது மறுபடி செய்யக்கூடியது. மண் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, கை இருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று. உடைமையாளருக்கோ அது ஒன்றேயொன்று. தனித்துவம், தூய்மை, விலைமதிப்பின்மை என்ற மூன்றும் இன்றைய பழம்பொருள் வியாபாரியின் மொழியேதான். ழான் போத்ரியா 1968இல் 'பொருட்களின் அமைப்பு' நூலில், பயன்பாட்டிலிருந்து கழற்றப்பட்ட பிறகே ஒரு பொருள் முழுமையாக உடைமையாகிறது என்று வாதிட்டார். சேக்கிழார் அதே இடத்தில் இன்னும் ஒருவரையும் நிறுத்துகிறார்: செய்தவரை. அவருடைய உழைப்புக்கு அந்த அவையில் சாட்சிய மதிப்பு இல்லை.

இந்த ஜாடி வானத்திலிருந்து விழவில்லை. கடலூர் மாவட்டத்திலேயே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. தொழிலைச் சொல்லித்தர அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. சாதாரண மண்பானையைவிடக் கூடுதலான சூட்டில், ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசுக்கு மேல், இந்த வகை மண் இறுகிக் கண்ணாடித்தன்மை அடைகிறது. அதனால் தண்ணீர் கசியாது. உப்பும் புளிப்பும் அரிக்காது. விருத்தாசலம் சூளைகளில் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும்கூட வெந்தன. ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. ஃபியூஸ் கட்டையின் இடத்தைத் தானியங்கி சுவிட்சு பிடித்தது. சூளை அணைந்தால் சேகரிப்பாளருக்கு நஷ்டமில்லை. புதிது வராதவரை பழசுக்கு விலை ஏறும், அவ்வளவுதான்.

அடுத்து தூய்மை. மண்பாண்டம் உறிஞ்சும், தீட்டுப்பட்டால் தூக்கிப் போடு. உலோகம் உறிஞ்சாது, சாம்பல் போட்டுத் தேய்த்தால் சுத்தம். தர்மசாத்திரங்கள் பாத்திரங்களுக்கும் இப்படி வருணம் பிரித்து வைத்தன. ஆனால் ஊறுகாயைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும். அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தது பீங்கான். உட்கார்ந்ததும் மடியாகிவிட்டது: தூரமான பெண் தொடக்கூடாது, தொட்டால் பூசணம் பிடிக்கும். மாவடுவை உப்பில் குலுக்கி, நார்த்தங்காயைச் சுருள் சுருளாய் அரிந்து, வாய்க்கு வேடு கட்டி, வருடம் முழுவதும் காத்தவள் எவளோ, மாதத்தில் மூன்று நாள் அவளே ஜாடிக்குப் பகை. 'எங்க பாட்டி வச்சிருந்தது' என்று நெகிழும்போது பாட்டியின் இந்த மூன்று நாள் எங்கே போனது?

பொருளின் தன்மைதான் காரணம் என்றால், தேநீர்க் கடையில் தனிக்குவளை எதற்கு? கண்ணாடியும் உறிஞ்சுவதில்லையே. உறிஞ்சாத கண்ணாடியிலும் சாதி ஒட்டிக்கொண்டது என்றால், ஒட்டும் பசை கையில் இருக்கிறது, குவளையில் இல்லை. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி செய்த கழிப்பறைப் பீங்கானும் களிமண்ணும் மெருகும் நெருப்பும்தான். ஒரு பீங்கானுக்கு மடி, இன்னொன்றுக்குத் தீட்டு. இரண்டையும் கழுவியவர்கள் ஒரே சாதி இல்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேகரிப்பில் வராதது எது என்றும் பார்க்க வேண்டும். காராமணிக்குப்பம் சந்தையில் வாங்கிய கருவாடு எந்தப் பானையில் கிடந்தது? உப்புக்கண்டம் எந்தச் சட்டியில் இருந்தது? அவை உடைந்தன, பனையோலைப் பெட்டி மக்கிப்போனது. உடையாத ஜாடிக்கும் உடையாத கூரை வேண்டும், பரண் வேண்டும். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்திலும், 2011 தானே புயலில் கடலோரக் குடிசைகளிலும் வாழ்ந்தவர்களிடம் பாட்டி காலத்துச் சாமான் எப்படி மிஞ்சும்? கலவரத்தில் கொளுத்தப்பட்ட சேரிகளில் என்ன மிஞ்சும்? எனவே இன்று 'தமிழ்ச் சமையலறை மரபு' என்று அலமாரியில் நிற்பது மச்சுவீடு வைத்திருந்தவர்களின் வரைபடம். அதைப் பொதுமரபாக்குவது சேகரிப்பின் நுண்அரசியல்.

அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் டேவிட் டிரேக் என்ற கறுப்பின அடிமைக் குயவர் இருந்தார். இறைச்சியும் கொழுப்பும் போட்டு வைக்கிற பெரிய ஜாடிகள் செய்தார். அடிமைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதை அந்த மாநிலம் 1834இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்குப் பிறகும் ஈர மண்ணில் தன் பெயரையும் தேதியையும் ஈரடிக் கவிதைகளையும் கீறினார். 2021இல் அவருடைய ஜாடி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அங்கேயும் சந்தைதான் விழுங்குகிறது. ஆனால் விழுங்கும்போது ஒரு பெயர் தொண்டையில் குத்துகிறது. பெயர் இருந்ததால்தான் 2025இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இரண்டு ஜாடிகளின் உரிமையை அவருடைய சந்ததியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. நம் ஜாடியில், இருந்தால், கம்பெனி முத்திரை இருக்கும். வனைந்தவர் பெயர் இருக்காது.

அதனால் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. சேர்க்கிறவர்கள் வாங்கிய கடையோடு நிற்க வேண்டாம். விருத்தாசலம் போகலாம், சூளையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன கூலி, எந்த மண், மெருகுத் தூளை மூச்சில் இழுத்து யாருக்கு என்ன ஆனது, பெண்கள் எந்த வேலையில் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். ஜாடி எந்தத் தெருவிலிருந்து வந்தது, அதைத் தொடக்கூடாதவர்கள் யாராக இருந்தார்கள் என்பதையும் சீட்டில் எழுதலாம். அந்தச் சீட்டு இல்லாத சேகரிப்பு, எதிர்மரபு என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், தில்லை அவையின் தீர்ப்பையே திரும்ப எழுதுகிறது.