இரட்டைத் திருகும் தரம்பிரிக்கும் கையும்

பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் நிறமி, நிரப்பி, நார் முதலிய சேர்மானங்களோடு கலந்து குருணையாக்கும் தொழிலில், ஒரே திசையில் சுழன்று ஒன்றையொன்று துடைத்துக்கொள்ளும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடருக்கு நிகரான யந்திரம் அரிது என்பது அத்தொழிலறிந்தோர் அபிப்பிராயம். ஜெர்மனியின் பாயர் நிறுவனத்துப் பொறியாளர் எர்ட்மெங்கரின் வடிவமைப்பை ஆதாரமாகக்கொண்டு, 1950களில் ஸ்டட்கார்ட் நகரத்து வெர்னர்-ப்ளைடரர் நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்த காலந்தொட்டு அந்த மதிப்பு வளர்ந்தே வந்திருக்கிறது. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து ஆரோவில் வரை நீளும் கடற்கரையில் சேரும் கழிவுப் பிளாஸ்டிக்குக்கும் அது பொருந்துமா என்பதே நாம் நிதானமாக ஆராயவேண்டிய விஷயம்.

முதலில் அதன் விசேஷங்கள். ஒற்றைத் திருகு யந்திரம் வாய் நிறைய விழுங்கித் தள்ளுவதாகையால், சுழலும் வேகமே உற்பத்தியை நிர்ணயிக்கிறது; இரட்டைத் திருகிலோ சரக்கை அளந்து ஊட்டுவதையும் திருகின் வேகத்தையும் தனித்தனியே ஆளலாம். பிசையும் துண்டுகளை வேண்டிய இடத்தில் கோத்துக் கலவையின் கடுமையைக் கூட்டிக் குறைக்கலாம். வெற்றிடத் துவாரத்தின் வழியே ஈரத்தை வெளியேற்றலாம். கண்ணாடி நாரைப் பிளாஸ்டிக் உருகிய பின்னரே பக்கவாயிலில் சேர்த்து, அது அளவுக்கு மீறி நொறுங்காமல் காக்கலாம். பாலிப்ரொப்பிலீனுக்குள் ரப்பரை நுண்துகளாக்கி, கலக்கும்போதே வல்கனைஸ் செய்யும் அருந்திறனும் இதற்கு உண்டு.

இனி அதன் குறைகள். இயற்கை ரப்பர் பெருங்கட்டிகளாக வருவது. தொடர்ந்து சீராக ஊட்டக்கூடிய துகளையே விரும்பும் இந்த யந்திரத்துக்கு அது இணங்காமையால், டயர்த் தொழிலில் மூடிய கலவை யந்திரமும் இரட்டை உருளை மில்லுமே இன்றளவும் கோலோச்சுகின்றன. கடற்கரைச் சரக்கிலோ கஷ்டம் வேறு விதமானது. பழைய மீன்வலையோடு வரும் மணல் திருகையும் அதைச் சூழ்ந்த உருளைக்கூட்டையும் தேய்க்கிறது. உப்பு எஃகை அரிக்கிறது. ஈரம் உலராத நைலானின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் உருகும்போதே அறுபடுகின்றன. வலைகளில் பயிலும் நைலான்-6 உருக ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் தேவை. பாலிஎதிலீன் கயிற்றுக்கோ 130 பாகையே போதும். இவற்றினிடையே ஒரு பிவிசித் துண்டு புகுந்தால், நைலான் உருகும் வெப்பத்தில் அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவைக் கக்கும். தம்முள் இணங்காத பிளாஸ்டிக்குகளை இந்த யந்திரம் எவ்வளவு நுண்மையாகப் பிசைந்தாலும், இணக்கும் பொருள் சேராவிடில் அவை உறுதியான பிணைப்பைப் பெறுவதில்லை. வெளித்தோற்றம் சீராக அமைந்துவிடுவதால் உள்ளிருக்கும் பலவீனம் மறைந்து, பொருள் உபயோகத்தில் முறியும்போதுதான் வெளிப்படுகிறது.

ஆகவே, ஆரோவில்லில் ஈகோ சர்வீஸ் போன்ற அமைப்புகள் செய்துவரும் தரம்பிரிக்கும் வேலையையே இத்தொழிலின் அஸ்திவாரமாகக் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு. கழுவி, உலர்த்தி, வகை பிரித்த பாலிஎதிலீனைக் குருணையாக்க ஒற்றைத் திருகே போதும். நிறமோ வலிமையோ கூட்டவேண்டிய சரக்குக்கு மட்டும், பல சிறு பட்டறைகள் சேர்ந்து ஆளும் பொது நிலையமொன்றில் இரட்டைத் திருகை நிறுவி, ஆரோவில் தோன்றிய அதே 1968இல் சென்னைக் கிண்டியில் தொடங்கிய, பிளாஸ்டிக் தொழில்நுட்பம் பயிற்றும் சிப்பெட் நிறுவனத்தில் பயின்றவர்களை அதற்குப் பொறுப்பாக்கலாம். தரம்பிரிப்போரின் ஊதியத்தையும் கையுறையையும் நிழலையும் பின்னுக்குத் தள்ளி யந்திரத்துக்கு முதல் தேடும் திட்டம், அந்த யந்திரத்தின் ஆயுளையே குறைத்துக்கொள்கிறது.