நிலவறை மனிதனும் ஐந்து ரூபிளும்

தஸ்தயேவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்' (1864) மனித இருப்பின் நிரந்தர அவலத்தைச் சித்திரிக்கும் நூல் என்பர் இருத்தலியல் சார்பினர். நோயுற்ற மனத்தின் பிதற்றல் என அதை ஒதுக்குவர் முற்போக்காளர் சிலர். இரு சாராரும் நூலை அதன் சமூகத் தளத்திலிருந்து பெயர்த்தெடுத்தே நோக்குகின்றனர் என்பது எமது கருத்து.

கதைசொல்லி பெயரற்றவன், நாற்பது வயதினன், பீற்றர்ஸ்பேர்க்கில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற 6000 ரூபிள் கைக்கு வந்ததும் வேலையைத் துறந்து ஒரு மூலையில் ஒடுங்கியவன். இத்தொகையை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். உழைப்போடும் மக்களோடும் உறவறுந்தவனின் ஓய்வே அவனது தத்துவத்துக்குக் களமாகிறது. இளமையில், தெருவில் தனக்கு வழிவிடாத இராணுவ அதிகாரி ஒருவனோடு சரிசமமாகத் தோள் மோதுவதற்காகக் கடன்பட்டுத் தன் மேலங்கியின் கழுத்துப்பட்டியை மாற்றுகிறான். சிரிப்புக்குரியதுதான். ஆயினும், 1722இல் முதலாம் பீற்றர் விதித்த பதினான்கு பதவிப் படிநிலைகளால் மனிதரை அளந்த சமூகம் அது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை, வயலையும் கடலையும் நம்பிய எமது கரையோர ஊர்களில், லிகிதர் உத்தியோகம் ஒருவனின் மதிப்பையும் மணச்சந்தையில் அவனது விலையையும் நிர்ணயித்ததை அறிந்தவர்க்கு இது அந்நியமானதன்று.

எமக்குச் சங்கடமான பகுதி வேறு. செர்னிஷேவ்ஸ்கியின் 'என்ன செய்ய வேண்டும்?' (1863) காட்டிய பளிங்கு மாளிகையை இவன் எள்ளி நகையாடுகிறான். லெனின் தமது 1902ஆம் ஆண்டு நூலுக்கு அத்தலைப்பையே சூட்டினார் என்பதற்காக நாம் இவ்வெள்ளலைப் பிற்போக்கு எனத் தள்ளிவிடலாகாது. மனிதன் தன் நலனைச் சரியாகக் கணக்கிட்டால் சமூகம் தானே சீர்ப்படும் என்பது மார்க்சியம் அன்று. அது முதலாளித்துவப் பயன்பாட்டுவாதத்தின் எச்சம். மேடைகளில் அக்கணக்கையே நாமும் சோசலிசம் என்று போதித்ததுண்டு. இவ்விடத்தில் நிலவறை மனிதனின் கேள்வி நியாயமானது. அவனிடம் விடைதான் இல்லை.

தஸ்தயேவ்ஸ்கி கருதிய விடை கிறிஸ்தவ விசுவாசம். அப்பகுதியைத் தணிக்கையாளர் நீக்கிவிட்டதாகச் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் அவர் முறையிட்டார். பின்னரும் அது நூலில் சேரவில்லை. தணிக்கை ஓர் இலக்கியத்துக்கு நன்மை செய்த அரிய சந்தர்ப்பம் இது என்றே எமக்குத் தோன்றுகிறது.

விடைக்கு அண்மித்து வருபவள் லீசா. உடலை விற்று வாழும் நிலைக்குத் தள்ளப்பட்ட அவளுக்கு உபதேசம் செய்தவன், அவள் நம்பி வீடு தேடி வந்தபோது அவமதிக்கிறான். அவனது வசைக்குள் இருக்கும் துயரைக் கண்டுகொண்டு அணைப்பவள் அவள்தான். அதன் பின்னரும் அவள் கையில் அவன் பணத்தைத் திணிக்கிறான். அவள் சென்ற பிறகே பார்க்கிறான்: அந்த ஐந்து ரூபிள் தாள் கசங்கி மேசைமேல் கிடக்கிறது.