நடுவரே ஆட இறங்கினால்

2022 ஆகஸ்ட் 17. திருவனந்தபுரம் கனகக்குன்றில் முதல்வர் பினராயி விஜயன் ‘கேரள சவாரி’யைத் தொடங்கிவைத்தார். மாநில அரசே நடத்தும் நாட்டின் முதல் இணைய டாக்ஸி சேவை அது. விழா முடிந்து கைப்பேசியில் தேடியவர்களுக்குச் செயலி கிடைக்கவில்லை. கூகுள் பிளே ஸ்டோரின் சரிபார்ப்பு முடிந்திருக்கவில்லை. ஊபருக்கும் ஓலாவுக்கும் மாற்றாகக் கிளம்பிய அரசு, அவற்றைவிடப் பெரிய நிறுவனத்தின் வாசலில் காத்து நின்றது.

திட்டத்தின் நோக்கத்தில் குறைசொல்ல அதிகமில்லை. தனியார் செயலிகளில் மழை பிடித்தால் கட்டணம் ஏறும். வருமானத்தில் கால்வாசி கமிஷனாகப் போகிறது என்பது ஓட்டுநர்களின் பழைய புகார். கேரள சவாரி, அரசு நிர்ணயித்த கட்டணத்தையே வாங்கியது. ஆட்டோ என்றால் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் 8 சதவீதம். ஓட்டுநர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ‘செலவு கட்டாது’ என்று நிறுவனங்கள் சொல்லும்போது, தானே நடத்திப் பார்த்த அரசு கணக்கோடு பதில் பேசலாம்.

ஆனால் அந்த மாறாத கட்டணமே திட்டத்தின் பலவீனமும்கூட. சவாரி குறைந்த மதிய வேளையில் தனியார் செயலி தள்ளுபடி தந்தால் பயணி அங்கே போவார். டெக்னோபார்க் தொழில்நுட்ப வளாகம் விடும் மாலை நேரத்தில் அங்கே கட்டணம் ஏறினால் ஓட்டுநர் போவார். வண்டி இல்லாத செயலியைப் பயணி அழித்துவிடுவார். பயணி இல்லாத செயலியை ஓட்டுநர் திறக்கமாட்டார். சேவை எதிர்பார்த்த அளவு பரவாமல், 2025-இல் புதுப்பித்துக் களமிறக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் விதிகளே போதுமா? மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல், கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்றது. நெரிசல் நேர உயர்வுக்கு ஒன்றரை மடங்கு வரம்பு வைத்தது. 2025-இல் அந்த வரம்பே அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்காக உயர்ந்தது. அபராதத்துக்கும் இதே கதி: பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு விதித்த 936 கோடி ரூபாயை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025-இல் சுமார் 216 கோடியாகக் குறைத்தது.

கமிஷனை அடக்கப் போட்டிகூட உதவுகிறது. பெங்களூரில் ‘நம்ம யாத்ரி’ என்ற ஆட்டோ செயலி கமிஷன் வாங்காமல் சந்தா முறையைக் கொண்டுவந்தபின், ஊபரும் 2025-இல் ஆட்டோக்களுக்கு அதே முறையைக் கொண்டுவந்தது. போட்டியால் எட்ட முடியாதது வேறு: எந்தச் சவாரி யாருக்கு, யாருடைய கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்ற தீர்ப்புகள். இத்தகைய தானியங்கி முடிவுகளைத் தொழிலாளருக்கு விளக்கும் கடமையைக் கர்நாடகத்தின் 2025 சட்டம் நிறுவனங்கள்மீது சுமத்துகிறது. கேரளம் அப்படியொரு சட்டம் கொண்டுவந்தால், அதற்கு முதலில் உட்பட வேண்டிய செயலி கேரள சவாரிதான்.